என் பேரில் ஓடிய தோல் லாரி

அந்த லாரி என் பேரில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் குடத்திலும் அண்டாவிலும் பேர் வெட்டி வைத்திருந்த பெண்கள் நிறைய உண்டு. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். சர்க்கார் நெம்பர் போட்ட மோட்டார் லாரியைத் தன் பேரில் வைத்திருந்தவள், எனக்குத் தெரிந்து, அன்றைக்கு ஆம்பூரிலேயே நான் ஒருத்திதான்.

அது என் பேருக்கு வந்தது என் அம்மாவால். திமிரிப் பக்கம் பிறந்த வீட்டில் எனக்கு எழுதி வைத்திருந்த கழனியை விற்றுத்தான் என் வீட்டுக்காரர் லாரி வாங்கினார். விற்பதற்குக் கையெழுத்துப் போட நான் போனபோது அம்மாவும் கூடவே வந்தாள். பத்திரம் எழுதுகிறவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "கழனி அவ பேர்ல இருந்துது மாப்ள. அத வித்து வாங்கற வண்டியும் அவ பேர்லதான் இருக்கணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "இருக்கட்டுமே அத்த. பேர் அவளுது, ஸ்டேரிங் என்னுது."

அவர் சொன்னதுதான் சரி என்று நானும் நினைத்தேன். ஒரு வண்டிக்குப் பேர் கொடுத்தால் கூடவே வேறென்ன கொடுக்கிறோம் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

எங்கள் லாரி தோல் ஏற்றியது. ஆற்காட்டிலும் வேலூரிலும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் வாங்கி உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கொண்டுவந்து ஆம்பூரில் ஒரு பாயின் ஷாப்பில் இறக்க வேண்டும். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பச்சைத்தோலுக்கு வெயில் ஆகாது. சித்திரை வைகாசியில் வெயில் ஏறுவதற்குள் தொட்டியில் ஊறப்போடாவிட்டால் மயிர் தானாகக் கழன்று, தோல் பிய்ந்து, எதற்கும் உதவாமல் போய்விடும். அதனால் பாய் எப்போது பார்த்தாலும், "மால் ஜல்தி வரணும், ஜல்தி" என்பார். அந்த ஜல்தியை எங்கள் ஆட்கள் ரோட்டில் காட்டினார்கள்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சங்கதியே அதில்தான் நிற்கிறது. வெயிலில் வருகிற தோல் லாரியின் நாற்றம் வண்டிக்கு ஒரு பர்லாங்கு முன்னால் வரும். ரோட்டோரத்தில் நிற்கிற பெண்கள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆண்கள் துண்டைப் பொத்திக்கொண்டு வேறு திக்கைப் பார்ப்பார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் சும்மா வர முடியாது. ஈரத்துண்டை மூக்கும் வாயும் மறைய இறுக்கிக் கட்டி, தலைக்கு மேல் இன்னொரு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். கண் இரண்டும் மட்டும் வெளியே தெரியும். ஆம்பூர் ரோட்டில் எங்கள் லாரியைத் தெரியாதவர் கிடையாது. ஓட்டி வருகிறவர் முகத்தைப் பார்த்தவரும் கிடையாது.

ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் வண்டிக்கு மூன்று பேர். என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, சம்பளத்துக்கு இருந்த டிரைவர். டிரைவர் பாகாயம் பக்கத்து ஆள். ஒரு துரையின் காரில் கிளீனராக இருந்து, பத்து வருஷம் கார் துடைத்து, பிறகு ஸ்டேரிங்கைத் தொட்டவர். அமைதியானவர். என் கொழுந்தனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வண்டி என்றால் உயிர். ஓட்டிவிட்டு வந்து, "அண்ணி, பள்ளிகொண்டாவுல இருந்து எவ்ளோ நேரத்துல வந்தேன் தெரியுமா" என்று என்னிடம்தான் பெருமை அடித்துக்கொள்வார். நானும் சிரித்துக்கொண்டே சோறு போடுவேன்.

ஒரு வைகாசி மாதம் காலையில், ஷாப்புக்குத் திரும்புகிற முனையில், எங்கள் லாரி ஒரு பெண்பிள்ளையை அடித்துவிட்டது. அந்த ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டை நறுக்குகிற வேலை செய்தவள் அவள். நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. வேலைக்கு நடந்து வந்தவளை, முனையில் வேகம் குறைக்காமல் திரும்பிய வண்டி தட்டிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துபோயிற்று. லாரி நிற்கவில்லை. ஷாப்பின் பின்பக்கம் போய் நின்றது. துண்டு கட்டியிருந்த ஒருவர் இறங்கி, பாலாற்றுப் பக்கம் கை கால் கழுவப் போனார் என்று இறக்குகிற ஆட்கள் சொன்னார்கள். யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ரோட்டில் நின்ற ஒரு குமாஸ்தா மட்டும் வண்டி நெம்பரை எழுதி வைத்திருந்தார்.

வேலூரிலிருந்து அன்று கிளம்பியபோது வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர், டிரைவரும் கொழுந்தனாரும். என் வீட்டுக்காரர் ஜுரத்தில் வீட்டில் படுத்திருந்தார். கொழுந்தனாரைக் கேட்டோம்.

"நான் வேலூர்லயே எறங்கிட்டேன் அண்ணி. ரயில்ல வந்தேன்."

"டிக்கெட்டு?"

"ஸ்டேஷன்ல வாங்கிக்கிட்டாங்க. டிக்கெட்ட யாரு கையில குடுத்து அனுப்புவாங்க?"

டிரைவரைக் கேட்டோம். அவர் வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாதனூரில் தன் தங்கை வீட்டில் இறங்கிவிட்டதாகச் சொன்னார். குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம். தங்கையும் ஆமாம் என்றாள். தங்கை அண்ணனுக்குச் சாதகமாகத்தானே பேசுவாள் என்று போலீசில் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து சப்இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"வண்டி யாருது?"

"என் சம்சாரம் பேர்லங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சப்இன்ஸ்பெக்டர் உள்ளே நின்ற என்னை எட்டிப் பார்த்தார். "அப்போ உங்க கிட்ட பேசி இன்னா பிரயோஜனம்? அவங்களக் கூப்பிடுங்க."

அதற்கு முன் ஒரு போலீஸ்காரர் என்னிடம் நேரே பேசியதில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "இத பாருங்கம்மா. வண்டி ஓட்டினவன் யாருன்னு தெரியலன்னா, அத சொல்ல வேண்டியது வண்டிக்குச் சொந்தக்காரங்க. நீங்க சொல்லணும். தெரியாதுன்னு சொல்லிட்டு வூட்ல உக்காந்துக்க முடியாது. சொல்லலன்னா உங்க மேலதான் கேசு."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு, "டிரைவர் பேர எழுதிக் குடுத்துடு" என்றார்.

"அவர் ஓட்டலன்னு சொல்றாரே."

"தம்பியும்தான் சொல்றான். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. போலீசு கேசுன்னா பொண்ணு வூட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்களா? டிரைவர் கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு வரட்டும். அவன் குடும்பத்துக்கு நான் சோறு போட்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. சோறு போடுகிறேன் என்றால் போடுவார். அதனால் எனக்கும் உடனே மறுத்துப் பேச வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் டிரைவர் பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அம்மா, ஐயா சொன்னாரு. உள்ள போயிட்டு வர்றது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா லைசென்ச புடுங்கிக்குவாங்க. பத்து வருஷம் கார் தொடச்சு வாங்கினது அது. அது போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாதும்மா."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழவில்லை, காலில் விழவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதம் உள்ளே என் பெட்டியின் மேல் கிடந்தது. அதில் நான் எழுதுகிற ஒரு பேர் அந்த மனுஷனைக் கடைசி வரைக்கும் கீழே உட்கார வைத்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எழுதவில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்று எழுது, நாளை எழுது என்று என் வீட்டுக்காரர் சொல்ல, நான் அடுப்பு வேலை, மாட்டு வேலை என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் என் பேருக்குக் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது.

அப்போது என் வீட்டுக்காரருக்கு இன்னொரு யோசனை தோன்றியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். ஷாப்பில் வேலை செய்கிறவளுக்கு அந்த நாற்றம் பழக்கம். திரும்பாமல் வண்டியை நேரே பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் டிரைவரைக் காட்டிவிட்டால் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. அவளைப் பார்க்க இரண்டு பேருமாகப் போனோம். நான் ஏன் கூடப் போனேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொம்பளை கூட வந்தால் அவள் மனம் இளகும் என்று அவர் சொன்னார், போனேன்.

ஆற்றோரத்தில் அவள் குடிசை. காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பாயில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே பட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஷாப்பிலிருந்து பட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, நறுக்கியதைத் திரும்ப எடுத்துப் போவார்களாம்.

"கால் எப்டிம்மா இருக்குது?" என்று இவர் கேட்டார்.

"இருக்குது சாமி. ரெண்டு இருந்துது, ரெண்டும் இருக்குது. ஒண்ணு மட்டும் சொன்ன பேச்ச கேக்க மாட்டேங்குது."

இவர் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "ஓட்டினது எங்க டிரைவர்தான். நீதான் நேர்ல பாத்தியே. கோர்ட்டுல அவரக் காட்டிட்டா விஷயம் முடிஞ்சுது. உனக்குக் கால் சரியாவற வரைக்கும் அரிசி நான் அனுப்பறேன்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "காட்டலன்னா அரிசி வராதா?"

"அப்டி சொல்லலம்மா. எப்டியும் அனுப்புவேன்."

"அப்போ காட்டினாலும் அதே அரிசி, காட்டலன்னாலும் அதே அரிசி. பின்ன எதுக்கு சாமி காட்டணும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உங்க வண்டிதானே. கெளம்பசொல்ல யாரு ஓட்டறாங்கன்னு நீங்க பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"நானும் பாக்கல. துண்டத்தான் பாத்தேன்" என்றாள். நாங்கள் எழுந்திருக்கும்போது, "மோர் இருக்குது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டு வந்தோம். கால் ஒடித்த வண்டிக்காரர்களுக்கு மோர் கொடுத்தவள் அவள்.

கோர்ட்டு நாளன்று நாங்கள் ரயிலில் வேலூருக்குப் போனோம். அவளை ஷாப்புப் பெண்கள் நாலு பேர் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். முந்தின நாளே கிளம்பியிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டு வயதானவர், துரை இல்லை, நம்மூர்க்காரர்தான், மெதுவாகப் பேசினார்.

நெம்பர் எழுதிய குமாஸ்தாவை முதலில் கேட்டார்கள். "ஓட்டினவரைப் பார்த்தீரா?"

"இல்லீங்க. நாத்தம் தாங்கல. வண்டி தாண்டற வரைக்கும் சுவத்தப் பாத்து நின்னுட்டேன். போனப்பறம்தான் திரும்பி நெம்பரப் பாத்தேன்."

வண்டியில் கட்டிக்கொள்கிற துண்டுகளைப் போலீஸ்காரர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட்டு அவற்றைக் கொண்டுவரச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்ததும் வக்கீல்கள் எல்லோரும் கைக்குட்டையை எடுத்தார்கள். டவாலி போட்ட சேவகர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். மாஜிஸ்திரேட்டு மட்டும் மூக்கைத் தொடவில்லை. டிரைவரையும் கொழுந்தனாரையும் அந்தத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். கட்டி முடித்துத் திரும்பியபோது, தினம் இரண்டு பேருக்கும் சோறு போட்ட எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது.

அவளை நாற்காலியோடு தூக்கி அவர்கள் எதிரில் வைத்தார்கள். அவள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் விரலை நெரித்துக்கொண்டிருந்தார். துண்டுக்கு மேலே டிரைவரின் கண் அவளைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அவள் ஒரு விரலை நீட்டினால் போதும்.

"இந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா இருக்கும் சாமி. யாருன்னு சொல்ல முடியாது."

சர்க்கார் தரப்பில் பேசியவர், "நன்றாகப் பார்த்துச் சொல்லம்மா" என்றார்.

"நல்லாத்தான் பாக்கறேன். இவங்க நிக்கறாங்க, பாக்கறேன். அன்னிக்கு அவன் நிக்கலியே."

"உனக்குக் கோபமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா? கால் என்னுதுதானே. தெனம் அவனத் திட்டிக்கினுதான் பட்ட நறுக்கறேன். அதுக்காக இந்தக் கோவத்த யாரு தலையிலயாவது எறக்கி வையின்னா, எப்டி சாமி வெக்கறது?"

எழுத்து தெரிந்தவர்களை, பெரிய மனிதர்களை நான் என் வாழ்நாளில் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த மாதிரி ஒருவரையும் பார்த்ததில்லை. அனுப்புகிறேன் என்ற அரிசியையும் வேண்டாம் என்று சொல்லாமல், பொய்யையும் சொல்லாமல், ஒடிந்த காலை நீட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டுக்கு ஏறும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. இப்போதுகூட ஒரு பேர் சொன்னால் நான் இறங்கிவிடலாம். என் மனதுக்குள் ஒரு பேர் இருந்தது, உண்மைதான். அது டிரைவர் பேர் இல்லை. ஆனால் என் மனதுக்குத் தோன்றியது நான் பார்த்தது ஆகிவிடுமா? கால் ஒடிந்தவளே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அடுப்பங்கரையில் இருந்த நான் எதைப் பார்த்தேன்?

"வண்டி உங்களுடையதா?" என்றார் மாஜிஸ்திரேட்டு.

"என்னுதுதாங்க."

"யார் ஓட்டியது?"

"தெரியாதுங்க."

"தெரிந்துகொள்ள என்ன செய்தீர்கள்?"

"ரெண்டு பேரையும் கேட்டேன். ரெண்டு பேரும் இல்லன்னுட்டாங்க."

"அது விபத்துக்குப் பிறகு. வண்டி வீட்டைவிட்டுப் போகும்போது, யார் ஓட்டிப் போகிறார், யார் திரும்ப ஓட்டி வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்வது இல்லையா?"

"இல்லீங்க."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

"அதுதான் அம்மா உங்கள் குற்றம்" என்றார். திட்டுகிற குரல் இல்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல். "ஓட்டியவரைக் காட்ட முடியவில்லை என்பதற்காக, அடிபட்டவளுக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் விட்டுவிடாது. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைத் தேடிக்கொண்டு வரும். யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வண்டியை ரோட்டில் விடக்கூடாது."

எனக்கு அபராதம் போட்டார். அதில் பெரும் பங்கு கால் ஒடிந்தவளுக்குப் போக வேண்டும் என்று எழுதினார். ஆண்கள் இரண்டு பேரையும் துண்டை அவிழ்த்துவிட்டுப் போகச் சொன்னார். டிரைவர் துண்டை அவிழ்த்து மடித்தார். மடித்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். அவருடைய லைசென்சு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

கூண்டில் நின்றது எனக்கு அவமானமாக இல்லையா என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். இல்லை. அந்த மாஜிஸ்திரேட்டு பேசியதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. வண்டி என்னுடையது என்று அதுவரைக்கும் வேடிக்கைக்குச் சொன்னவர்கள்தான் உண்டு. அவர் ஒருத்தர்தான் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற ரயில் குடியாத்தம் தாண்டியது. "உன் பேர்ல வாங்கினதே தப்பாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் பேர்ல இருந்ததாலதான் அந்த மனுஷன் வெளிய இருக்காரு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுக்கு அரிசி அனுப்பினார். அவள் எழுந்து நடக்கிற வரைக்கும் அது ஒரு வாரமும் நிற்கவில்லை. அவரைப் பற்றி இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் நான் லாரியிலிருந்து ஹாண்டிலை எடுத்து வந்துவிட்டேன். அந்தக் காலத்து லாரிக்கு முன்னால் இரும்பு ஹாண்டிலைச் சொருகிச் சுற்றினால்தான் இஞ்சின் உயிர் பிடிக்கும். அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "யாரு ஓட்டறாங்களோ அவங்களே வந்து என் கையால வாங்கிக்கினு போவணும். வந்ததும் அவங்களே திருப்பிக் குடுக்கணும். நடுவுல கை மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

"போலீசுக்கு ஆள் எடுக்கறாங்களாம். போறியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்து கை நீட்டினார்.

டிரைவர் தினமும் வருவார். நேரே பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், இருந்தாலும், "நான்தாம்மா" என்று சொல்லித்தான் வாங்குவார். ஷாப்பு முனை வந்தால் வண்டியை நடக்கவிட்டு, துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிடுகிறார் என்று பட்டை நறுக்குகிற பெண்கள் எனக்குச் சொன்னார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவளும் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வேலைக்கு நடந்துபோகத் தொடங்கியிருந்தாள்.

கொழுந்தனாரின் கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மோட்டார் என்றால் அத்தனை ஆசையாக இருந்தவர், அதற்குப் பிறகு ஹாண்டில் கேட்டு என்னிடம் ஒரு நாளும் வரவில்லை. லாரி எங்களிடம் இன்னும் ஆறு வருஷம் ஓடியது. காலையில் நான் அடுப்புப் பக்கம் இருந்தால், அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமாகத் தாண்டிப் போய்விடுவார். நானும் அவரைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை.